இறால், குளவி, ஊசிமருந்து: கடும் ஒவ்வாமை பற்றி வாசகர் கேட்டவை

திருகோணமலை மாவட்டத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டேன். உண்டதும் கொட்டியதும் வேறுவேறாக இருந்தாலும், பெரும்பாலான கடிதங்களில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆள் சோர்ந்து விழும் நிலைக்கு வந்த பின்னரும் வீட்டார் பிரிட்டோன் என்னும் ஒவ்வாமைக் குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புத்தான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

கேள்வி: ஒன்பது வயது மகன் இறால் கறி சாப்பிட்ட இருபது நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, இரண்டு முறை வாந்தியும் எடுத்தான். பிரிட்டோன் கொடுத்தோம், இரண்டு மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டான். சாதாரண அலர்ஜி என்று விட்டுவிடலாமா? (உப்புவெளி)

விட்டுவிடக் கூடாது, அம்மா. தோலில் மட்டும் தடிப்பு எழுந்திருந்தால் அதைச் சிறிய ஒவ்வாமை என்று கொள்ளலாம். தோலோடு வயிறும் சேர்ந்து பாதிக்கப்பட்டதால், உங்கள் மகனுக்கு வந்ததை அனாபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமையாகவே கருத வேண்டும். அவன் தெளிந்தது குளிசையால் என்பதைவிட, அவனுடைய உடலே இம்முறை மீண்டுகொண்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

இத்தகைய வேளையில் உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் ஒரு வகையான மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினையும் வேறு பல பொருட்களையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுவதால், இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன. பிரிட்டோன் ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கிறது. அரிப்பைத் தணிக்கும், ஆனால் சரிந்த அழுத்தத்தை உயர்த்தவோ அடைபடும் மூச்சைத் திறக்கவோ அதற்கு வலுவில்லை. இவ்விரண்டையும் செய்வதோடு, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் அடக்கும் மருந்து அட்ரினலின். அது தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் ஊசியாகப் போடப்பட வேண்டும். வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராமும், பிள்ளைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் என்ற கணக்கிலும் கொடுக்கப்படும். தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மீண்டும் போடலாம்.

குரல் கம்முதல், விழுங்க முடியாமை, மூச்சில் இழுப்பு, தலைசுற்றல், வெளிறிப்போதல், சிறு பிள்ளையாயின் திடீரெனத் துவண்டுபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எந்த அடையாளமும் இராது என்பதால், தடிப்பு இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். தெளிந்த பின்னரும் சில மணித்தியாலங்கள் கழித்து அதே நிலை திரும்பி வரக்கூடும். வைத்தியசாலையில் தங்க வைப்பது அதற்காகவே.

இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் வேகவைத்தாலும் அழியாது. நண்டிலும் அதே வகைப் புரதம் உண்டு. கூனியும் சிறு இறால்தான் என்பதால் கூனிச் சம்பலை மறந்துவிடாதீர்கள், வீடுகளில் தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். மீனில் இருப்பது வேறு புரதம் என்பதால், மீனையும் சேர்த்து நிறுத்த வேண்டுமா என்பதை ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

கேள்வி: தம்பிக்குச் சென்ற ஆண்டு குளவி கொட்டியபோது வீக்கம் மட்டும்தான். இம்முறை ஒரே கொட்டில் வியர்த்து மயங்கினான். மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஏன் இப்படி? (மூதூர்)

முதல் கொட்டில் உடல் அந்த நஞ்சை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை ஆக்கிவைத்திருக்கிறது. அடுத்த கொட்டில் அது காத்திருந்து பாய்ந்திருக்கிறது. கடலோரத்தவர்களாகிய நமக்கு நெருக்கமான ஒரு வரலாறு இதற்கு உண்டு. கடல் அனிமோன் என்னும் கடல்வாழ் உயிரியின் நஞ்சை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள் சார்ல்ஸ் ரிசேயும் போல் போர்த்தியேயும், முதல் ஊசியைத் தாங்கிய நாய் சில வாரங்களின் பின் மிகச் சிறிய அளவுக்கே இறந்துபோவதைக் கண்டு, 1902இல் இந்நிலைக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ரிசேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் பதறி ஓடியது அன்பினால்தான் என்பதை அறிவேன்; ஆயினும் தம்பியை நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோனது பெரும் ஆபத்து என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அழுத்தம் சரிந்தவரை நிமிர்த்தினால் இரத்தம் காலில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்துவிடுகிறது. எழுந்து நின்ற கணத்திலேயே உயிர் பிரிந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் கால்களை நீட்டியபடி உட்காரலாம். வாந்தி எடுப்பவரையும் நினைவிழந்தவரையும் பக்கவாட்டில் கிடத்துங்கள். கர்ப்பிணியை இடப்பக்கமாகக் கிடத்துங்கள். கழிவறைக்கோ வாகனத்துக்கோ நடக்கவிட வேண்டாம். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் ஊராயின், படுக்க இடமுள்ள வாகனத்தில் மிக அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பெரிய வைத்தியசாலையைத் தேடித் தூரம் போவதைவிட, முதல் ஊசி விரைவாகக் கிடைப்பதே உயிரைக் காக்கும்.

இனி அட்ரினலினை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்பதை வைத்தியரிடம் கேட்டு, போடும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள். அதை நமது வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும்.

கேள்வி: சூரை மீன் சாப்பிட்ட நால்வருக்கும் முகம் சிவந்து, தலையிடியும் படபடப்பும் வந்தன. குடும்பத்துக்கே மீன் ஒவ்வாமையா? (திருக்கடலூர்)

நால்வருக்கும் ஒரே நேரத்தில் வந்தது என்பதே விடையைச் சொல்லிவிடுகிறது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் பிடிபட்ட பின் பனிக்கட்டி இல்லாமல் கிடந்தால், பக்டீரியாக்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமினை உண்டாக்குகின்றன. பொரித்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. இது ஒவ்வாமை அன்று, மீன் நஞ்சேறுதல். வந்தது வெளியிலிருந்து உட்சென்ற ஹிஸ்டமின் என்பதால், பிரிட்டோன் குளிசை இங்கே பொருத்தமான மருந்துதான். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்களை இது கூடுதலாகத் தாக்கும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ, காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வயலில் முத்திரைப்புடையன் பாம்பு கடித்த தந்தைக்கு எதிர்நஞ்சு ஏற்றியபோது உடல் தடித்து மூச்சு முட்டியது. மறுபடி கடித்தால் அந்த மருந்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? (தம்பலகாமம்)

சொல்ல வேண்டாம். குதிரைகளிலிருந்து எடுக்கப்படும் எதிர்நஞ்சுக்கு ஒவ்வாமை ஏற்படுவது இலங்கையில் அடிக்கடி காணப்படுவதால், வைத்தியர்கள் அதற்கு ஆயத்தமாகவே ஏற்றுவார்கள். இந்நாட்டில் பாம்புக்கடிக்கு உள்ளான 1,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், எதிர்நஞ்சுக்கு முன் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது கடும் ஒவ்வாமை கணிசமாகக் குறைந்தது; ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகோட்டிசோனும் ஒவ்வாமைக் குளிசை வகையைச் சேர்ந்த புரோமெதசினும் அவ்வாறு பயன் தரவில்லை. புடையனின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்தை மறுப்பதுதான் பெரிய ஆபத்து. முன்னர் நடந்ததை உடனே சொல்லி, பழைய நோய்க்குறிப்பு அட்டையையும் காட்டுங்கள்.

கேள்வி: சிறுவயதில் பெனிசிலின் ஒவ்வாது என்றார்கள். இப்போது அமொக்சிசிலின் எடுக்கலாமா? (கிண்ணியா)

அமொக்சிசிலினும் அதே குடும்பம். சோதிக்கும் வரை வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாது என்று சொல்லப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இல்லை என்றே தெரிகிறது. ஆயினும் அந்தச் சோதனையை வைத்தியசாலையில் மட்டுமே செய்ய வேண்டும், வீட்டில் அரைக் குளிசை விழுங்கிப் பார்க்கக் கூடாது. மருந்தின் பெயர், என்ன நடந்தது, எடுத்து எவ்வளவு நேரத்தில் நடந்தது ஆகிய மூன்றையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒரு அட்டையில் எழுதி, தேசிய அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்; மருந்துக்கடையிலும் கேட்காமலே காட்டுங்கள்.