ஒரு பாட்டில் தண்ணீரில் கண்மாய் வண்டலை அளக்கலாமா?

சோழவந்தான் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: "வைகையிலிருந்து பிரியும் வரத்துக்கால்தான் எங்கள் கண்மாய்க்கு ஆதாரம். வருஷத்துக்கு எவ்வளவு வண்டல் வந்து சேருகிறது என்று தெரிந்தால், தூர்வாரக் கணக்குப் போடலாம். கால்வாயில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக் காய்ச்சி, எடை பார்த்தால் போதுமா?"

போதாது. எப்போது எடுத்தீர்கள் என்பதில்தான் கணக்கே இருக்கிறது. 1959-ல் வைகை அணை வந்தபின், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணையில் திறந்துவிடும் தண்ணீர் வேறு. உள்ளூர் மழையில் புஞ்சைகளை அரித்துக்கொண்டு செக்கச்செவேலென்று இறங்கும் தண்ணீர் வேறு. வருஷத்து வண்டலில் பெரும்பங்கு இப்படிச் சில வெள்ளங்களிலேயே வந்துவிடும்.

நொடிக்கு 3 கன மீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 2 கிராம் வண்டல் என்று வையுங்கள். நொடிக்கு 6 கிலோ, மணிக்கு 21.6 டன், அதாவது இரண்டு டிப்பர் லோடு! அதே ஓட்டம் தெளிந்து லிட்டருக்கு 0.1 கிராம் ஆகிவிட்டால், அவ்வளவு மண் வர 20 மணி நேரம் பிடிக்கும். ஆகவே தண்ணீர் ஏறும்போது அரை மணிக்கு ஒரு பாட்டில், வடியும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று எடுங்கள். ஒரே நீர்மட்டமானாலும், பெரும்பாலும் ஏறும் வெள்ளத்தில்தான் கலங்கல் அதிகம்.

மேல்நீரை மட்டும் மொள்ளாதீர்கள். மணல் அடிப்பக்கமாகத்தான் போகிறது. பாட்டில் மூடியில் இரண்டு குழாய் செருகுங்கள்: ஒன்று ஓட்டத்தை எதிர்த்துத் தண்ணீர் வாங்க, மற்றது காற்று வெளியேற. கழியில் கட்டி, ஒரே வேகத்தில் அடிவரை இறக்கி ஏற்றுங்கள். மேலே வருமுன்பே பாட்டில் முழுக்க நிரம்பிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பாட்டிலின் அடியில் ஒட்டிய மணலையும் அலசிச் சேர்க்க வேண்டும், அதை விட்டால் கணக்கு குறைந்துவிடும். வெறுமனே காய்ச்சினால் நீரில் கரைந்த உப்பும் எடையில் சேரும்; வடிதாளில் வடித்து, 105 டிகிரியில் உலர்த்தி நிறுப்பதே சரி.

ஓட்டத்துக்கு, நேரான 20 மீட்டர் தூரத்தை மிதவை கடக்கும் வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, கால்வாயின் குறுக்குப் பரப்பாலும் பெருக்குங்கள். ஒவ்வொரு பாட்டிலையும் அந்தந்த நேரத்து ஓட்டத்தோடு சேர்த்தே கணக்கிடுங்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டால் வெள்ளத்தின் பங்கு அமுங்கிவிடும்.

தரையோடு உருளும் மணல் எந்தப் பாட்டிலிலும் சிக்காது. அதற்கு, கண்மாய் வற்றும் சித்திரையில் பத்து இடங்களில் அளவுக்கல் நடுங்கள். அடுத்த வருஷம் வற்றியதும் ஒவ்வொரு கல்லும் எத்தனை அங்குலம் புதைந்திருக்கிறது என்று பார்த்து, பாட்டில் கணக்கோடு ஒப்பிடுங்கள்.