டப்ளினுக்கு ஏன் இரண்டு பெயர்?

அன்புள்ள ஐயா,

வேலைக்காக அயர்லாந்து வந்திருக்கிறேன். சாலைப் பலகைகளில் டப்ளினுக்கு மேலே ஐரிஷில் ‘பால்ய ஆஹ கிளீய’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒட்டே இல்லையே? அப்புறம், எங்கே திரும்பினாலும் ‘கில்’, ‘பாலி’ என்றுதான் ஊர்ப்பெயர்கள். கில் என்றால் சர்ச் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். அத்தனை சர்ச்சா?

ர., டப்ளின்

அன்புள்ள ர.,

ஒட்டு இருக்காது, ஏனென்றால் அவை இரண்டு இடங்களின் பெயர்கள். லிஃபி ஆற்றில் ஆழம் குறைந்த ஒரு துறையில் மிலாறுகளால் பின்னிய படல்களைப் போட்டுக் கடந்தார்கள். ‘படல்துறை ஊர்’ என்பதுதான் பலகையில் இருப்பது. பக்கத்திலேயே போடில் என்ற சிற்றாறு லிஃபியில் கலக்கும் இடத்தில் ஒரு குளம். அது ‘டுவ் லின்’, கருங்குளம். ஆங்கிலம் குளத்தைப் பிடித்துக்கொண்டது, ஐரிஷ் துறையை. டப்ளின் கோட்டைத் தோட்டத்துக்குப் போனால் ஏறக்குறைய அந்தக் குளத்தின் மேல்தான் நிற்பீர்கள். போடில் இப்போது தரைக்கடியில் ஓடுகிறது.

நண்பர் சொன்னது பாதி சரி. ஐரிஷில் ‘கில்’ சர்ச், ‘க்வில்’ காடு. (நம் குயிலோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.) ஆங்கில எழுத்தில் இரண்டுமே கில் ஆகிவிட்டன. கில்டேர், கருவாலி மரத்துச் சர்ச். வாட்டர்ஃபோர்ட் பக்கத்துக் கில்மக்தாமஸ், காடு. பாலியும் அப்படித்தான். பெரும்பாலும் ‘பால்ய’, அதாவது ஊர். ஆனால் மேயோ மாவட்டத்தில் உள்ள பாலினா, ‘பேல் அன் ஆஹ’, ஆற்றுத்துறையின் வாய்.

இந்த ஆங்கில எழுத்துகளில் பெரும்பகுதி நிலைத்தது நில அளவையில். 1824இல் வரிக்காக நிலத்தை மதிப்பிட பிரிட்டிஷ் அரசு தொடங்கிய வேலை அது. 1830இல் அதில் சேர்ந்த ஐரிஷ் மொழி அறிஞர் ஜான் ஓ’டொனவன் ஊர் ஊராகப் போய், ஐரிஷ் பேசும் பெரியவர்களிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு ஐரிஷ் வடிவத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு வரைபடத்துக்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சொன்னார். பெயரைச் சிதைத்த திட்டம் என்று அளவையைத் திட்டுகிறவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் எத்தனையோ சிற்றூர்ப் பெயர்களின் மூல வடிவம் இன்று தெரிவது அவர் குறிப்பேடுகளால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஆங்கில எழுத்தை வைத்துப் பொருள் சொல்லாதீர்கள். அரசின் இடப்பெயர்த் தரவுத்தளம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஐரிஷ் வடிவத்தை அதில் பார்த்துவிட்டு நண்பரோடு வாதாடப் போங்கள்.