கயோட்டிக்கு ரைபிள்: 900 டாலருக்குள் எது சரி?

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டினுக்கு மேற்கே 20 ஏக்கர் வாங்கி, வீட்டுத் தேவைக்காகக் கொஞ்சம் போயர் ஆடு வளர்க்கிறேன். இந்த மாதம் குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, நேற்று ஒன்று கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது. கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய காட்டு நாய் இனம்) வேலைதான் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். ரைபிள், அதன் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் எல்லாம் சேர்த்து 900 டாலருக்குள் முடிக்க வேண்டும். .223 வாங்கு, .22-250 வாங்கு, .243 வாங்கு என்று ஆளுக்கொரு தோட்டா ரகம் சொல்கிறார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன், அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் கூடாது, வைத்திருப்பதும் கூடாது, தோட்டா வைத்திருப்பதும் கூடாது, இது அமெரிக்க மத்தியச் சட்டம். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. டெக்சாஸில் தன் ஆட்டைத் தாக்கும் கயோட்டியைச் சுட நில உரிமையாளருக்கு உரிமமே வேண்டாம் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வார், அது அவருக்குச் சரி, உங்களுக்கு அது போதாது, ஏனென்றால் உங்களைக் காப்பாற்றுவது அந்த மாநில விதி இல்லை, கையில் இருக்கும் உரிமம்தான். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் ஆண்டு உரிமத்தை எடுத்துவிடுங்கள். அது ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும், புதுப்பிக்க மறந்தால் அலமாரியில் சும்மா இருக்கும் ரைபிளே குற்றமாகிவிடும், கிரீன் கார்டு கனவோடு இருப்பவருக்கு இது விளையாட்டு இல்லை. கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள், அதில் விசா நிலை பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதி உரிமத்தைக் காட்டுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் உண்டு, துப்பாக்கியையே தொடாத உங்களுக்கு அது தண்டம் இல்லை, தேவைதான். ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.

அடுத்து, கொன்றது கயோட்டிதானா என்று பாருங்கள். இறந்த குட்டியைப் புதைக்காமல் கையுறை போட்டுக்கொண்டு கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். தாடைக்குச் சற்றுக் கீழே, தொண்டையில் பல் இறங்கிய துளைகளும், தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியும் இருந்தால் உயிரோடு இருந்தபோதே பிடித்திருக்கிறது. ரத்தக் கட்டே இல்லையென்றால் குட்டி வேறு காரணத்தால் செத்து, பிறகு ஏதோ ஒன்று வந்து தின்றிருக்கிறது, அப்போது நீங்கள் தேட வேண்டியது நோயை. கயோட்டி பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும், அப்புறம் விலாவுக்குப் பின்னால் வயிற்றுப் பக்கம் கிழித்துத் தின்னும். ஊர் நாய்கள் அப்படி இல்லை, காது, தொடை, பின்னங்கால் என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறும், பல ஆடுகள் காயப்பட்டிருக்கும், தின்றது கொஞ்சமாகவே இருக்கும். நாய் என்றால் அது பக்கத்து வீட்டாரோடும் ஷெரிஃபோடும் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி, ரைபிள் வாங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கயோட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஏக்கரைச் சதுரமாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 310 கஜம். நடுவில் உட்கார்ந்தால் வேலி 155 கஜத்தில் வந்துவிடும். டெக்சாஸில் வேட்டையாடும்போது உங்கள் குண்டு நில எல்லையைத் தாண்டினால், அந்தப் பக்கத்துக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அது குற்றம். ஆகவே நீங்கள் சுடப்போகும் தூரம் நூறு, நூற்றைம்பது கஜம், மிஞ்சிப்போனால் இருநூறு. இதைக் கணக்குப் போடாமல் 400 கஜத்துக்கு .22-250 வாங்கச் சொல்கிறவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

என் முடிவு .223 ரெமிங்டன், ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷன். 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 3,200 அடி வேகத்தில் புறப்படும், பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கயோட்டிக்கு அந்தத் தூரத்தில் இது தாராளம். .22-250 இதைவிட நொடிக்கு நானூறு அடி வேகம் கூடுதல், நல்ல தோட்டாதான், ஆனால் விலை அதிகம், குழலும் சீக்கிரம் தேயும். .243 மானுக்கும் ஆகும், காற்றில் குறைவாக விலகும், இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டுமென்றால் அது நியாயமான தேர்வு, ஆனால் புதிதாகச் சுடுகிறவருக்கு அதன் உதையும் சத்தமும் விசையைப் பயந்து பயந்து இழுக்கும் பழக்கத்தைக் கொடுத்துவிடும். .223-ல் உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், மலிவு, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 5.56 நேட்டோ தோட்டாவை, .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் போடாதீர்கள், அழுத்தம் வேறு.

எந்தத் துப்பாக்கி? சாவேஜ் ஆக்சிஸ் II, ரூகர் அமெரிக்கன், இந்த இரண்டில் எது நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டும் பெரும்பாலும் 400 முதல் 600 டாலருக்குள் நிற்கும். பிளாஸ்டிக் கட்டை, போல்ட்டை இழுத்தால் கொஞ்சம் கரகரக்கும், பார்வைக்கு அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் குழல் நல்ல குழல். ஆக்சிஸில் II என்ற எண்ணைப் பார்த்து வாங்கச் சொல்வது அக்யூட்ரிக்கருக்காக, விசையின் கனத்தை நீங்களே குறைத்துக்கொள்ளலாம், பழைய சாதா ஆக்சிஸின் விசை கனமானது, அதில் நல்ல குழலும் வீண். ஃபின்லாந்துக்காரர்களின் டிக்கா டி3எக்ஸ் இவற்றைவிட எல்லா வகையிலும் வழவழப்பு, ஆனால் உங்கள் பட்ஜெட் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும், ஸ்கோப்புக்குக் காசு மிஞ்சாது.

துல்லியம் என்றால் எவ்வளவு வேண்டும்? கயோட்டியின் நெஞ்சில் குண்டு பட வேண்டிய இடம் ஏறத்தாழ ஐந்து அங்குல அகலம். நூறு கஜத்தில் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் சுடும் துப்பாக்கி இருநூறு கஜத்தில் மூன்று அங்குலம்தான் சிதறும், அதுவே போதும். விளம்பரத்தில் மூன்று குண்டு சுட்டு அரை அங்குலம் என்று காட்டுவதை நம்பி இருநூறு டாலர் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தால்தான் எதன் யோக்கியதையும் தெரியும். இந்த ரகத் துப்பாக்கிகளின் குழல் மெல்லியது, நாலைந்து குண்டிலேயே சூடேறிச் சிதறல் கூடும், ஆறவிட்டுச் சுடுங்கள்.

ஸ்கோப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ரைபிளோடு சேர்த்தே விற்கும் பெட்டியில் வருவது பெரும்பாலும் சுமார் ரகம், அந்திக் கருக்கலில் கண்ணாடி மங்கும், கயோட்டி நடமாடுவதோ அந்த நேரத்தில்தான். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் II அல்லது லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம், 3-9 மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர், இதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளை, முடுக்கும் அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள். துப்பாக்கி சரியில்லை என்று வரும் புகார்களில் பாதி, தளர்ந்த திருகுதான்.

தோட்டாவுக்கு ஹார்னடி வி-மேக்ஸ் 55 கிரெயின் வாங்கிப் பாருங்கள். உள்ளே போனதும் சிதறிவிடும் குண்டு, மிருகம் சட்டென்று விழும். முழு உலோக உறை போட்ட குண்டு ஊசி மாதிரி துளைத்து வெளியே போய்விடும், காயம்பட்ட மிருகம் ஓடிப்போய்த் துடிக்கும், குண்டோ கல்லில் பட்டுத் திசைமாறும், அதைப் பயிற்சித் திடலோடு நிறுத்துங்கள். முதலில் 25 கஜத்தில் அட்டையில் பிடித்து, பிறகு நூறு கஜத்தில் குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி வைத்தால் இருநூறு கஜத்தில் நேராகக் குறியில் இருக்கும், இடையில் மேலே கீழே என்று எதையும் யோசிக்காமல் நெஞ்சைப் பார்த்துச் சுடலாம். ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு கிளிக் என்பது பெரும்பாலும் நூறு கஜத்தில் கால் அங்குலம்.

எந்தத் திசையில் சுட்டாலும் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். வானத்தைப் பின்னணியாக வைத்து, மேட்டின் உச்சியில் நிற்கும் கயோட்டியைச் சுடவே கூடாது. இதற்காகவே பட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் உயரமான மேடை போட்டுக் கீழ்நோக்கிச் சுடுவது நல்லது, காற்று அதன் பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் வர வேண்டும், வாசனை பிடித்தால் அன்றைக்கு அது வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்கவில்லை என்றாலும். கலிபோர்னியாவில் ஹாப்லாண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்தபோது ஆட்டுக்குட்டிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லையை ஆளும், இனப்பெருக்கம் செய்யும் ஜோடிதான் என்று தெரிந்தது. வசந்தத்தில் குட்டி போட்ட பிறகு அவற்றுக்குத் தீனி கூடுதலாகத் தேவை. கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டால் உங்கள் ஆட்டைத் தொடாத ஒன்று போய், தொடுகிற ஒன்று அந்த இடத்துக்கு வரலாம். கொன்ற ஜோடியை எடுத்தாலும் சில மாதங்களில் இன்னொரு ஜோடி வந்து சேரும். அதனால்தான் மத்திய டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமி ஆட்டுக்காரர்களில் பலர் கிரேட் பிரனீஸ், அனடோலியன் என்ற காவல் நாய்களைப் பட்டியோடு வளர்க்கிறார்கள். ஆட்டோடு சேர்த்து வளர்ந்த நாய் வேண்டும், வீட்டில் செல்லமாக வளர்ந்தது ஆகாது. தீனிச் செலவும் உண்டு, ராத்திரி குரைப்பும் உண்டு. குட்டி போடும் ஆடுகளை ராத்திரி பட்டியில் அடையுங்கள், வேலிக்கு அடியில் தோண்டிய இடங்களைத் தேடிக் கல் வைத்து அடையுங்கள், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெளிப்பக்கமாக ஒரு மின்கம்பி ஓடவிடுங்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப்பின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவைக் கூப்பிட்டால் தடம் பார்த்து எது என்று சொல்லவும் ஆள் உண்டு.

சுட்ட கயோட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள். தெற்கு டெக்சாஸில் 1988 முதல் கயோட்டிகளிடம் வெறிநோய் பரவி, 1995-லிருந்து விமானத்தில் தடுப்பு மருந்துத் தீனி போட்டுத்தான் அடக்கினார்கள். பகலில் தள்ளாடி நடப்பது, மனிதரைக் கண்டும் ஓடாமல் நிற்பது என்று ஏதாவது தெரிந்தால் தலையில் சுடாதீர்கள், பரிசோதனைக்கு மூளைதான் வேண்டும். உங்கள் நாய்க்கு வெறிநோய் ஊசி போட்ட தேதியையும் இன்றே பார்த்துவிடுங்கள்.