அடுப்படிக் கேள்வி பதில்: எள்ளு சாஸில் குளிர்ந்த நூடுல்ஸ்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே ஒரு சீன ஹோட்டலில் எள்ளு சாஸ் போட்ட குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறான். வீட்டிலும் செய்யச் சொல்கிறான். கடையில் தஹினி (எள் விழுது) பாட்டில் வாங்கி, சோயா சாஸும் தண்ணீரும் விட்டுக் கலக்கினேன். களிமண் மாதிரி இறுகிவிட்டது, ருசியும் சப்பென்று இருந்தது. நூடுல்ஸோ ஒரே உருண்டை. எங்கே பிசகு?
(வாசகி, வேலந்தாவளம்)

பதில்: இறுகினால் இன்னும் தண்ணீர் விட வேண்டும். எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய். முதலில் விடும் ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீரை எள்ளின் சக்கை உறிஞ்சி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் கெட்டுப்போனது போலத்தான் தெரியும். பயப்படாமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் எண்ணெய் பொடித் துளிகளாகத் தண்ணீரோடு சேர்ந்து, விழுது வெளுத்து, இளகி, ஸ்பூனிலிருந்து வழிய ஆரம்பிக்கும். சோயா சாஸை அதற்கு அப்புறம் சேருங்கள்.

சப்பென்று இருந்ததற்குக் காரணம் தஹினி. அது அரபு நாட்டுச் சமையலுக்கானது. தோல் நீக்கிய எள்ளை லேசாக வறுத்தோ, வறுக்காமலோ அரைப்பது. சீனர்கள் எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்து அரைக்கிறார்கள். இந்த நூடுல்ஸின் உயிரே அந்த வறுத்த வாசனைதான். நம் வீட்டில் எள்ளுருண்டைக்கும் மிளகாய்ப் பொடிக்கும் எள் வறுக்கத் தெரியாதவர் உண்டா? பாட்டிலை நம்பாமல் நீங்களே வறுத்து அரையுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

வெள்ளை எள் 60 கிராம், அதாவது ஆறு மேசைக்கரண்டி. கல் இல்லாமல் அரித்து, ஈரம் போகக் காயவைத்துக்கொள்ளுங்கள். அடி கனமான வாணலியில், சின்னத் தீயில், கை எடுக்காமல் வறுக்க வேண்டும். படபடவென்று பொரியும்போது பாதி வேலைதான் முடிந்தது. நம்மில் பலர் அங்கேயே இறக்கிவிடுகிறோம். பொரிவது அடங்கி, நிறம் பொன்னிறத்தைத் தாண்டி லேசான செம்பழுப்புக்குத் திரும்பும்போது உடனே தட்டில் கொட்டுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிக் கசந்துவிடும்.

கை பொறுக்கும் சூட்டில் மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருளும், மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டதும் விழுதாகும். ஒன்று கவனியுங்கள். நம் செக்கில் வறுக்காத எள்ளைத்தான் ஆட்டுகிறார்கள். சீனக் கடைகளில் விற்கும் பழுப்பு நிற எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, கடைசியில் சில சொட்டு மட்டும் விடுவது. நல்லெண்ணெயை எவ்வளவு ஊற்றினாலும் அந்த வாசனை வராது. அதனால்தான் வறுப்பில் அவ்வளவு கவனம் கேட்கிறேன்.

இந்த விழுதில் மேலே சொன்னபடி நாலைந்து மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு இளக்கி, சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒன்று, பொடித்த வெல்லம் இரண்டு டீஸ்பூன், துருவிய பூண்டு மூன்று பல், கொஞ்சம் இஞ்சி. உப்பு சோயாவிலேயே இருக்கிறது, ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். சீனர்கள் ஒட்டரிசியைப் புளிக்கவைத்து எடுக்கும் கருப்பு வினிகர் விடுவார்கள். ஜென்ஜியாங் என்ற ஊர் அதற்குப் பெயர் பெற்றது. நமக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா முழுக்கத் தென்னங்கள் இறக்குகிற பூமி. கள்ளிலிருந்து எடுக்கும் சொறுக்கா கிடைத்தால் அதையே விடுங்கள், வெள்ளை வினிகரை விட மென்மையானது. புளி மட்டும் வேண்டாம். புளி சேர்ந்தால் எள் பின்னால் போய், புளியோதரை வாசம் வந்துவிடும்.

காரத்துக்கு, இடித்த வரமிளகாய் மேல் சூடான எண்ணெயை ஊற்றி ஆறவைத்துக் கலந்துகொள்ளலாம். சிச்சுவான் மிளகு கிடைத்தால் வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகை போடுங்கள், நாக்கு லேசாக மரத்து விறுவிறுக்கும். கருமிளகு அதற்கு மாற்றாகாது.

நூடுல்ஸ் 200 கிராம், கோதுமையில் செய்த ஹக்கா வகை. மசாலாப் பொட்டலத்தோடு வரும் உடனடி நூடுல்ஸ் இதற்கு ஆகாது. நிறையத் தண்ணீரில், நடுவில் துளி கடிபடும்படி வேகவைத்து வடியுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசினால் ஒட்டாது, ஆனால் ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் சாஸ் வழுக்கிக் கீழே போய்விடும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் அலசவே மாட்டார்கள். எண்ணெய் பிசறி, பரப்பி, விசிறி ஆற்றுவார்கள். ஷாங்காயில் முதலில் ஆவியில் வேகவைத்து, அப்புறம் கொதிநீரில் போட்டு எடுத்து, காற்றில் ஆற்றுகிற வழக்கம் உண்டு. நான் சிச்சுவான் வழிதான். பெரிய தாம்பாளம், ஒரு ஸ்பூன் எண்ணெய், மேலே மின்விசிறி. ஆறியதும் சாஸ் பிசைந்து, மெலிதாக நறுக்கிய வெள்ளரிக்காயும் வெங்காயத்தாளும் தூவினால் மூன்று பேருக்குத் தாராளம். சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் பிசையுங்கள். நேரமானால் நூடுல்ஸ் சாஸைக் குடித்துவிடும்.

உங்கள் மகன் சாப்பிட்டதில் வேர்க்கடலை ருசி இருந்ததா என்று கேளுங்கள். நியூயார்க்கின் சீனர் பகுதிக் கடைகள் பிரபலமாக்கிய வகையில் எள்ளோடு வேர்க்கடலை விழுதும் சேரும். அப்படியென்றால் எள்ளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, வறுத்த கடலை சேர்த்து அரையுங்கள்.

கேள்வி: நூடுல்ஸுக்குப் பதில் அரிசி சேவையில் செய்யலாமா?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: செய்யலாம், ஆனால் இந்தக் கெட்டி சாஸில் பிசைந்தால் சேவை நொறுங்கும். சாஸை இன்னும் தளர்த்தி மேலே ஊற்றிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சேவைக்கு எள்ளுப்பொடியும் வெல்லமும் போட்டுப் புரட்டும் நம் எள்ளு சேவையே அழகு.

கேள்வி: எள் சூடு என்கிறார்களே, மேட (சித்திரை) மாத வெயிலில் இதைச் சாப்பிடலாமா?
(வாசகி, கோபாலபுரம்)

பதில்: என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். ஒருவர் பங்குக்கு வருவது இரண்டு மேசைக்கரண்டி எள், அதுவும் வெள்ளரிக்காயோடு. பாலக்காட்டுக் கணவாயில் அனல் அடிக்கிற மத்தியானம் கொதிக்கக் கொதிக்கக் குழம்பும் சோறும் இறங்காது, இது இறங்கும். பின்னால் ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். கருப்பு எள் திதிக்கு மட்டும் என்று வைத்திருக்கும் வீடுகளில் மனவருத்தம் வேண்டாம், இதற்கு வெள்ளை எள்தான். எள் ஒவ்வாத உடம்பு சிலருக்கு உண்டு. தடிப்போ மூச்சுத்திணறலோ வந்த அனுபவம் இருந்தால் தொடவே கூடாது.

கேள்வி: பிள்ளைக்குப் பள்ளிக்கூட டப்பாவில் கொடுத்துவிடலாமா?
(அதே வாசகி)

பதில்: பங்குனி, சித்திரையில் வேண்டாம். வெந்த மாவுப் பண்டம் வெயிலில் மணிக்கணக்காக இருந்தால், வாசனை மாறாமலே கிருமி வளர்ந்துவிடும். மழைக்காலத்தில் என்றால் காலையில் புதிதாக வேகவைத்து, முழுக்க ஆற்றி, சாஸைத் தனி டப்பாவில் கொடுங்கள். முதல் மணி இடைவேளையிலேயே சாப்பிடச் சொல்லுங்கள். மிச்ச சாஸ் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். இறுகினால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள்.