பயனீட்டாளர் கேள்வி-பதில்: சி-கிளாஸ் பென்ஸும் அதன் இன்ஜின்களும்

கேள்வி: 2010-ஆம் ஆண்டின் சி200 சி.ஜி.ஐ. காரைப் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் அண்மையில் வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடிகள் கடகடவென்று சத்தம் வருகிறது. ‘பழைய பென்ஸ் என்றால் அப்படித்தான்’ என்கிறார் விற்றவர். (செந்தூல் வாசகர்)

பதில்: அப்படித்தான் என்று எதுவும் இல்லை. உங்கள் காரில் இருப்பது 1,796 சிசி எம்271 இன்ஜின். 2002-இல் சூப்பர்சார்ஜருடன் சி-கிளாஸுக்கு வந்து, பின்னர் டர்போவுக்கு மாறிய இந்த வகையில் டைமிங் செயின் (வால்வுகளின் இயக்கத்தைப் பிஸ்டன்களோடு ஒத்திசைக்கும் சங்கிலி) நீள்வதும் கேம்ஷாஃப்ட் பல்சக்கரங்கள் தேய்வதும் போமன்கள் (மெக்கானிக்குகள்) நன்கறிந்த குறைகள். எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் அடித்துக்கொள்வதே பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்குக் காரணம். செயின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதிவிடும் என்பதால், சோதித்துப் பார்க்கும்வரை காரை எடுக்காதீர்கள்.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் எழுத்துபூர்வ அறிக்கை வாங்கி, பழுதைச் சரிசெய்து தருமாறு வியாபாரிக்குக் கடிதம் அனுப்புங்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய வாகனத்துக்கும் பொருந்தும். விலைக்கும் வயதுக்கும் ஏற்ற தரமாவது அதில் இருக்க வேண்டும். இந்தக் குறையை விற்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருந்தால் கதை வேறு. அதை மறைத்துவிட்டு இப்போது தத்துவம் பேசுகிறவருக்கு அந்தத் தற்காப்பு கிடையாது. அவர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குச் செல்லுங்கள். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட், பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தயங்காமல் மனுச் செய்யுங்கள்.

கேள்வி: 2016 சி200, 2019 சி200 இரண்டையும் பார்த்தேன். ஒரே எண் என்பதால் ஒரே இன்ஜின்தானே? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: இல்லை. முன்னது 1,991 சிசி, எம்274. பின்னது 1,497 சிசி, எம்264; அதற்கு 48 வோல்ட் மின்துணையும் உண்டு. இரண்டுக்கும் 184 குதிரைத்திறன்தான், ஆனால் தீபகற்ப மலேசியாவில் சாலை வரி முன்னதற்கு 375 ரிங்கிட் 50 சென், பின்னதற்கு 90 ரிங்கிட்.

கார்களின் முதுகில் ஒட்டப்படும் எண்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஒரு காலத்தில் அந்த எண்ணைப் பார்த்தே இன்ஜினின் கொள்ளளவைச் சொல்லிவிடலாம். பிறகு அது விற்பனைப் பிரிவின் கைக்குப் போய்விட்டது. சி230 என்ற ஒரே பெயரில் 1990-களில் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டரும், அடுத்த தலைமுறையில் 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜரும், 2005-இல் 2.5 லிட்டர் வி6-உம் வந்தன, சி240-இலோ 2.6 லிட்டர் இன்ஜினே இருந்தது. 2014-இல் வந்த தலைமுறையின் தொடக்க ஆண்டுகளில் சி200-க்கும் சி250-க்கும் அடிப்படையில் ஒரே 1,991 சிசி இன்ஜின்தான். 184-ஐ 211 ஆக்கியது பெரும்பாலும் மென்பொருளும் டர்போ அழுத்தமும். அந்த வேறுபாட்டுக்கு வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. இதில் ஒட்டுவேலை வேறு. வி6 என்று என்னிடம் விற்கப்பட்ட ஒரு சி240 உண்மையில் சி180 என்பதை உரிமை மாற்றத்தின்போதுதான் கண்டேன். எழுத்துகளை யாரோ கடையில் வாங்கி ஒட்டியிருந்தார்கள். ஆகவே கிராண்டில் (வாகனப் பதிவுப் பத்திரத்தில்) உள்ள சிசியையும் இன்ஜின் எண்ணையும் பாருங்கள். பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன?

நீங்கள் பார்த்த இரண்டில் எதை வாங்கலாம் என்றால், பராமரிப்புப் பதிவு முழுமையாக உள்ள காரை.

கேள்வி: முகநூலில் பார்த்த வெள்ளை நிற சி-கிளாஸுக்கு 5,000 ரிங்கிட் முன்பணம் அனுப்பிவிட்டேன். விற்பவர் தனிநபர். எந்த இன்ஜின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (காஜாங் வாசகர்)

பதில்: பணம் அனுப்புவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. வியாபாரி அல்லாதவரைத் தீர்ப்பாயத்துக்கும் இழுக்க முடியாது. காரை நேரில் காட்டுகிறாரா என்று இன்றே கேளுங்கள். காட்டாவிட்டால் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கேள்வி: பழைய சி350இ இவ்வளவு மலிவாகக் கிடைப்பது ஏன்? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: பகாங் மாநிலத்தின் பெக்கானில் பொருத்தப்பட்ட அந்த ஹைப்ரிட், வரிச்சலுகையால் புதிதாக இருந்தபோதே கவர்ச்சியான விலையில் விற்றது. இப்போது வாங்குகிறவர்கள் 6.2 கிலோவாட்-மணி மின்கலத்தின் வயதை நினைத்து அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. மின்கலச் சோதனை அறிக்கை இல்லாமல் பேரம் பேசாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் ஒருநாள் இரவு முழுவதும் நின்ற பிறகும் தாழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கலம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பின்பெட்டியும் சிறியது, 335 லிட்டர்தான்.

கேள்வி: புதிய ஏ.எம்.ஜி. சி63-இல் இரண்டு லிட்டர் இன்ஜின்தானாமே? பழைய 6.2 லிட்டரே மேல் அல்லவா? (பங்சார் வாசகர்)

பதில்: 6,208 சிசிக்கு ஆண்டுச் சாலை வரி 16,566 ரிங்கிட், அதைக் கட்டுகிறவர் நீங்கள் என்றால் மேல்தான்.