டேங்கில் கீறல்: உப்புத்தாளை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் வெயிலில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் நிறையத் தெரிகின்றன. டேங்கின் பின்பக்கம் ஓரிடத்தில் பெயிண்ட் பெயர்ந்து உலோகமே தெரிகிறது. பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியிலும் ஒரு நீளக் கீறல். உப்புத்தாளும் ஸ்பிரே பெயிண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். நானே சரிசெய்துவிடலாமா?

பதில்: சரிசெய்யலாம். ஆனால் அந்த உப்புத்தாளை இப்போதைக்கு எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வகை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைக் கெடுத்துவிடும்.

டேங்கின் உலோகத்தின் மேல் முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று பெரும்பாலான வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பளபளப்பைத் தருவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தக் கடைசிப் பூச்சுதான். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் போடுவதும் தேய்ப்பதும் இந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் வேலைதான். போனது திரும்பி வராது. அதனால்தான் எவ்வளவு குறைவாகத் தேய்த்துக் காரியத்தை முடிக்கலாம் என்று மட்டும் யோசியுங்கள் என்கிறேன்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்துங்கள். கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. ஈரத்திலும் அப்படியே தெரிந்தால் நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் ஆழம் அதிகம். பாலிஷ் அதற்கு உதவாது. கோட்டுக்குள் வெண்மையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர். மின்னினாலோ பழுப்பேறியிருந்தாலோ உலோகம். கோடு பள்ளமாக இல்லாமல் மேடாகத் தட்டுப்பட்டால் அது கீறலே அல்ல, உரசிய பொருளின் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மென்மையாகத் துடைத்தாலே பெரும்பாலும் வந்துவிடும்.

வெயிலில் மட்டும் தெரியும் உங்கள் மெல்லிய கீறல்கள் தூசி படிந்த டேங்கை உலர்ந்த துணியால் துடைத்ததால் வந்திருக்க வேண்டும். இவற்றுக்கு மென்மையான பாலிஷிங் காம்பவுண்ட் போதும். ஃபோம் பேடில் சிறிதளவு எடுத்து, உள்ளங்கை அகல இடத்தை மட்டும் லேசான அழுத்தத்தில் தேயுங்கள். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் இன்னொரு முறை. டேங்கின் மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். துணியில் வண்டியின் நிறம் வர ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்: கிளியர் கோட் தீர்ந்துவிட்டது, அல்லது உங்கள் வண்டிக்கு அந்தப் பூச்சே அடிக்கப்படவில்லை. பற்பசை தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. அதிலுள்ள துகள்கள் பல்லுக்காகச் சேர்க்கப்பட்டவை. பெயிண்டில் அவை எப்படி வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வேண்டாம்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டி என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகிவிடும். அதை மீண்டும் மங்கலாக்க வழியில்லை.

இனி உலோகம் தெரியும் இடம். மற்ற இரண்டும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும், இது காத்திருக்காது. ஈரம் பட்டுத் துரு பிடித்தால், அது பெயிண்டுக்கு அடியிலேயே பரவிப் பக்கத்துப் பூச்சையும் கிளப்பிவிடும். இதற்கு ஸ்பிரே வேண்டாம். அரிசி அளவு புள்ளிக்கு ஸ்பிரே அடித்தால் கைப்பிடி அகலத்துக்குத் திட்டு விழும். இருக்கைக்கு அடியிலோ சேசிஸிலோ உள்ள ஸ்டிக்கரிலும், வண்டியோடு வந்த கையேட்டிலும் நிறத்தின் குறியீடு இருக்கிறதா என்று தேடி, அதே குறியீட்டில் சின்ன பாட்டில் டச் அப் பெயிண்ட் வாங்குங்கள்.

பல் குத்தும் குச்சியின் முனையில் 600 எண் உப்புத்தாளைத் துணுக்காக நறுக்கி ஒட்டிக்கொண்டு, பள்ளத்துக்குள் மட்டும் சுரண்டுங்கள். பழுப்பு போய் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். கிளம்பி நிற்கும் பெயிண்ட் செதில்களும் போக வேண்டும். ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, இன்னொரு குச்சியின் நுனியால் பிரைமரைப் புள்ளியாக வையுங்கள். அது காய்ந்தபின் நிறம். பெயிண்ட் காயும்போது சுருங்கும். அதனால் ஒரே தடவையில் நிரப்பப் பார்க்காமல், பாட்டிலில் சொன்ன இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை மெல்லிதாக வையுங்கள். மெட்டாலிக் நிறமானால் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், மினுக்குத் துகள்கள் அடியில் தங்கிவிடும். கடைசியாகக் கிளியர் கோட், சுற்றியுள்ள பரப்பைவிட ஒரு பொட்டு மேடாக.

ஒரு வாரம் தொடாதீர்கள். அதன்பின் அந்த மேடு உறுத்தினால் மட்டும் 2500 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, புள்ளியைச் சுற்றி டேப் ஒட்டி, சில இழுப்புகளில் சமப்படுத்திப் பாலிஷ் போடலாம். மேடு உங்களை உறுத்தவில்லையென்றால் விட்டுவிடுங்கள். துருவைத் தடுக்கும் வேலையை அது அப்போதே செய்துகொண்டிருக்கிறது.

பெட்ரோல் ஊற்றும் மூடிக்கு அருகே கீறல் இருந்தால் கதை வேறு. சாதாரண டச் அப் பெயிண்ட் மீது பெட்ரோல் சிந்தினால் இளகி வழியும். அங்கே ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் கிளியர் கோட்தான் நிற்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலுக்குக் கேடான வேதிப்பொருள் உண்டு. தகுந்த சுவாசக் கவசம் இல்லாமல் அடிக்கவே கூடாது. அதைப் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். ஸ்டிக்கர் மேல் விழுந்த கீறலும் அப்படித்தான்: ஓரத்தில் நகம் தட்டவில்லையென்றால் ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பூச்சைத் தாண்டித் தேய்த்துவிட்டால் படம் அழியும்.

பக்கவாட்டு மூடி பிளாஸ்டிக், துருப் பிடிக்காது, அவசரமில்லை. நீங்கள் வாங்கிய ஸ்பிரே இங்கே பயன்படும், நிறம் பொருந்துமானால். மூடியைக் கழற்றி, கீறலை 800 எண் தாளால் மழுக்கி, மூடி முழுவதையும் 1000 எண் தாளால் ஈரத்தோடு பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, பிளாஸ்டிக் தெரியும் இடங்களில் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடியுங்கள். அது இல்லாமல் அடித்த பெயிண்ட் உரிந்து வரும். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கை நிற்காமல் நகரட்டும். முதல் பூச்சில் அடிப்பரப்பு மங்கலாகத் தெரிந்தால் சரியாக அடிக்கிறீர்கள் என்று பொருள். மூடி முழுவதற்கும் அடியுங்கள், பாதியில் நிறுத்தினால் எல்லைக்கோடு தெரியும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் பெட்ரோலும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்கின் பின்பக்கம் பெயிண்ட் போனதற்குப் பெல்ட்டின் பக்கிள் உரசியது காரணமாக இருக்கலாம். அந்த இடத்தில் பெயிண்ட் போவது பெரும்பாலும் அதனால்தான். புதுப் பெயிண்ட் முழுதாக இறுக ஒரு மாதம் விட்டு, அங்கே உரசலைத் தாங்கும் டேங்க் பேட் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் ஒட்டினால், பேடை எடுக்கும்போது பெயிண்டும் கூடவே வரும்.