ஆப்பில் விலை குறைவு, மாதக் கடைசியில் பில் அதிகம்: வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைனில் வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு நுகர்வோர் பக்கக் குழுவின் பதில்கள்.

மாதம் ஒருமுறை அண்ணாச்சி கடையில் லிஸ்ட் கொடுத்து வாங்கியபோது மளிகை 9,000 ரூபாயில் முடிந்தது. இப்போது ஆப்பில் எல்லாப் பொருளும் ஐந்து, பத்து குறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாதம் 11,000-ஐத் தாண்டிவிடுகிறது. கணக்கு எங்கே உதைக்கிறது?
– ஒரு வாசகி, திருச்சி

ஒவ்வொரு பொருளின் விலையையும் பார்க்கிறீர்கள். எத்தனை பொருள், எத்தனை தடவை என்பதைப் பார்க்கவில்லை. லிஸ்ட் எழுதும்போது அடுக்களை டப்பாக்களைத் திறந்து பார்த்து எழுதுவோம். ஆப்பில் லிஸ்ட்டைப் பாதி நீங்கள் எழுதுகிறீர்கள், மீதியை அவர்கள் எழுதுகிறார்கள்.

ஆப்பில் பழைய ஆர்டர்கள் இருக்கும் பகுதியைத் திறந்து, மூன்று மாத பில்களை எடுங்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். அண்ணாச்சி லிஸ்ட்டிலும் இருந்திருக்கக்கூடிய பொருட்கள் முதல் பத்தி. அதில் இருந்திராத பொருட்கள் இரண்டாவது. டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன ஆர்டருக்கான கட்டணம், மழைநேரக் கட்டணம், டிப்ஸ் ஆகியவை மூன்றாவது. சிப்ஸும் ஐஸ்கிரீமும்தான் காரணம் என்று இரண்டாவது பத்தியையே எல்லாரும் சந்தேகப்படுவார்கள். மூன்றாவதையும் கூட்டிப் பாருங்கள். ஒரு ஆர்டருக்கு 35 ரூபாய், மாதம் 18 ஆர்டர் என்று வைத்துக்கொண்டால் 630 ரூபாய். பொருள் விலையில் 5 சதவீதம் மிச்சமாகிறது என்றால், இந்த 630-ஐ ஈடுகட்டவே 12,600 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். உங்கள் பழைய மாத மளிகையே அவ்வளவு இல்லை.

அடுத்தது இலவச டெலிவரி. 199 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்பார்கள். உங்களிடம் 160 ரூபாய்க்குப் பொருள் இருக்கும். 25 ரூபாய் கட்டணத்தைத் தவிர்க்க 45 ரூபாய்க்கு பிஸ்கட் சேர்த்தால், 20 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. அந்த இடத்தில் உப்பு, சோப்பு, தீப்பெட்டி என்று எப்படியும் வாங்கவிருந்ததைச் சேர்த்தால் மட்டுமே அது லாபம்.

பாக்கெட் அளவையும் கவனியுங்கள். சமையல் எண்ணெய் 1 லிட்டர் என்பது சுமார் 910 கிராம். 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் போனில் அதே உயரமாகத்தான் தெரியும். 850 கிராம் 135 ரூபாய், 1 லிட்டர் 142 ரூபாய் என்றால் கை 135-க்குத்தான் போகும். நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 15.88 ரூபாய், இரண்டாவது 15.60 ரூபாய். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு, மில்லிக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கினால் படிக்கலாம். தேடியதும் முதலில் வரும் இரண்டு மூன்று பொருட்கள் பெரும்பாலும் காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்தவை. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்றோ ‘ஸ்பான்சர்டு’ என்றோ இருக்கும்.

பணம் கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கை தாராளமாகிறது. 2001-இல் வெளியான அமெரிக்க எம்.ஐ.டி. ஆய்வொன்றில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். ஆகவே ஆப்பில் சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். மளிகைக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கில் மாதம் 9,000 போட்டு, அதன் யு.பி.ஐ.யில் மட்டும் கட்டுங்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, வாரத்தில் ஒரே ஒரு நாள் ஆர்டர் என்று வையுங்கள். கார்ட்டில், அதாவது ஆப்பின் சாமான் கூடையில், போட்டதை ஓர் இரவு அப்படியே விட்டால், காலையில் இரண்டு மூன்று பொருளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் அண்ணாச்சி கடைக்கே திருப்ப வேண்டும் என்றில்லை. டயப்பர், 4 கிலோ சலவைத் தூள், கெட்டுப்போகாத பெரிய பாக்கெட்டுகள் ஆன்லைனில் பலமுறை மலிவு. ஐம்பது கிராம் சீரகமும் அரைக் கட்டுக் கறிவேப்பிலையும் தெருக்கடைக்கு உரியவை.

மிக்ஸி எம்.ஆர்.பி. 7,999, இன்று 2,899, 63 சதவீதம் தள்ளுபடி என்கிறது. இன்னும் 2 மணி நேரம்தான் என்று கடிகாரமும் ஓடுகிறது. நம்பலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

மிக்ஸியை நம்பலாம், 63-ஐ நம்ப வேண்டாம். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்சவரம்பு. அதைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். யாரும் ஒரு நாளும் வாங்காத விலையைக்கூட அச்சிட்டு, அதிலிருந்து தள்ளுபடி காட்ட முடியும்.

மாடல் எண்ணை அப்படியே எடுத்து மூன்று இடத்தில் பாருங்கள்: கம்பெனியின் சொந்தத் தளம், இன்னொரு ஷாப்பிங் தளம், உங்கள் ஊர்க் கடை. அமேசானில் உள்ள பொருளென்றால் ‘கீப்பா’ போன்ற கருவியில் விலை வரைபடம் கிடைக்கும். கடந்த மூன்று மாதத்தில் 2,899-ஐ ஒட்டியே கோடு ஓடியிருந்தால் அதுதான் அதன் வழக்கமான விலை. விற்பனைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கோடு திடீரென்று மேலே ஏறி, பிறகு இறங்கியிருந்தால் அந்தத் தள்ளுபடி கிட்டத்தட்ட நாடகம்.

கடிகாரத்துக்குச் சோதனை எளிது. நாளை காலை அதே பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் திரும்பவும் 2 மணி நேரம் காட்டும். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே கார்ட்டில் எதையாவது சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைக் கூட்டுவது உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய அரசின் 2023 நவம்பர் 30 வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் புகாருக்கு உதவும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் 30,000 ரூபாய் போன். வட்டியே இல்லையென்றால் எடுப்பதில் என்ன நஷ்டம்?
– ஒரு வாசகர், கோவை

வட்டி இருக்கிறது. 2013-லேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இது: கார்டு கொடுத்த வங்கி வழக்கம்போல் வட்டி போடும். அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் குறைத்துவிடுவார். 6 மாதம், 15 சதவீத வட்டி என்றால் கடன் சுமார் 28,730, வட்டி சுமார் 1,270, கூட்டினால் 30,000. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில் விழும். அது 229 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதன் ஜி.எஸ்.டி.யோடு 235. ஆக சுமார் 464 ரூபாய் கூடுதல்.

இதை விடப் பெரியது வேறொன்று. மொத்தமாகக் கட்டுபவருக்கு 1,500 ரூபாய் உடனடித் தள்ளுபடி இருந்து, இ.எம்.ஐ.க்கு அது இல்லையென்றால், போனின் உண்மை விலை 28,500. பணம் செலுத்தும் பக்கத்தில் இரண்டு வழியையும் தேர்ந்தெடுத்துப் பார்த்து, கடைசித் தொகையை ஒப்பிடுங்கள். ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணமும், மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் போகக்கூடிய கார்டு வட்டியும் தனி. போனைத் திருப்பிக் கொடுத்தாலும் பிராசஸிங் கட்டணம் பொதுவாகத் திரும்பாது.

இலவச டெலிவரிக்காக ஆப்பில் ஆண்டுச் சந்தா கட்டினால் லாபமா?
– ஒரு வாசகி, ஈரோடு

சந்தா 299, ஒரு டெலிவரிக்கு மிச்சம் 30 என்றால் பத்து ஆர்டரில் சரியாகிவிடும். சந்தா இல்லாவிட்டாலும் போட்டிருப்பீர்கள் என்ற ஆர்டர்களை மட்டும் எண்ணுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே அணையுங்கள்; யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் பேமென்ட் ஆப்பில் ‘ஆட்டோ பே’ பகுதிக்குள் போய் ரத்து செய்யலாம்.

தீபாவளிக்கு ஏசி வாங்க வேண்டும். ஆன்லைனா, ஷோரூமா?
– ஒரு வாசகர், மதுரை

ஆன்லைன் விலையை வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். ‘10 சதவீத வங்கித் தள்ளுபடி’ என்ற பேனரின் அடியில் ‘அதிகபட்சம் 1,500’ என்றிருக்கும். 42,000 ரூபாய் ஏசிக்கு அது மூன்றரை சதவீதம்தான். அவுட்டோர் யூனிட்டுக்கான ஸ்டாண்டு, கூடுதல் செம்புக் குழாய், வடிகால் குழாய் எல்லாம் பெரும்பாலும் விலையில் சேராது; மாட்ட வருபவர் அங்கே வைத்துச் சொல்வார். கூடுதல் குழாய்க்கு மீட்டருக்கு எவ்வளவு என்று முன்பே எழுத்தில் கேளுங்கள். ஷோரூமில் இந்தச் சாமான்களைப் பேரம் பேசி விலைக்குள் சேர்க்க முடியும்.

மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிளில் எந்த ஆண்டுக்கானது என்று பாருங்கள். 2022 ஜூலையில் விதி கடுமையானபோது, பழைய 5 நட்சத்திர ஏசி 4 நட்சத்திரமாக இறங்கியது. பெரிய தள்ளுபடியில் வரும் மாடல் பழைய லேபிளோடு கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். மலிவாக வாங்கி, மின்கட்டணத்தில் திருப்பிக் கொடுப்போம்.

சேலை வேறு நிறத்தில், கிழிசலோடு வந்தது. ‘ரிட்டர்ன் இல்லை’ என்கிறார் விற்பவர். பணம் போனது போனதுதானா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பினால்தான் அவரவர் ரிட்டர்ன் கொள்கை பொருந்தும். பழுதான பொருளையும், தளத்தில் காட்டிய விவரத்துக்கு மாறான பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

ஆதாரம்தான் பலருக்கும் இடிக்கும். பார்சலை வெட்டுவதற்கு முன்பே, முகவரிச் சீட்டும் ஒட்டிய டேப்பும் தெரிய, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சேலையில் உள்ள அட்டையைக் கிழிக்காதீர்கள். பிரித்துப் பார்த்து வாங்கும் ‘ஓப்பன் பாக்ஸ்’ டெலிவரி என்றால், பார்த்து முடிக்கும் வரை ஓ.டி.பி. சொல்லாதீர்கள், எண்ணைச் சொன்னதும் பொருள் சரியாக வந்தது என்று பதிவாகிவிடும். ரீஃபண்ட் கேட்கும்போது ஆப் வாலட்டைத் தேர்ந்தெடுக்காமல், பணம் போன அதே வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். வாலட்டுக்கு வந்த பணத்தைப் பெரும்பாலும் அந்த ஆப்பிலேதான் செலவழிக்க முடியும்.